கட்டிலில் இருந்த அம்மா கணக்கில் இல்லை

நியூஜெர்சியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பில் விரிசல். அறுவை சிகிச்சை தேவையில்லை, சில வாரம் ஸ்கில்டு நர்சிங் மையத்தில், அதாவது நர்ஸ்களும் தெரபிஸ்ட்டுகளும் இருக்கும் மறுவாழ்வு இல்லத்தில், பயிற்சி எடுத்தால் நடந்துவிடுவார் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அறுவை சிகிச்சை இல்லை என்பதுதான் வம்புக்குக் காரணம். வார்டில் கட்டில், கையில் ஊசி, மூன்று வேளை சாப்பாடு எல்லாம் இருந்தும் அம்மா உள்நோயாளி இல்லையாம். 'கண்காணிப்பில்' இருக்கும் வெளிநோயாளியாம். மறுநாள் சமூகப் பணியாளர் ஒருவர் ஒரு தாளை நீட்டி, வழக்கமான படிவம்தான் என்று கையெழுத்துக் கேட்டார். அதில்தான் இந்தச் சங்கதியே இருந்தது.

நர்சிங் மையச் செலவை மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) ஏற்க வேண்டுமானால், உள்நோயாளியாகத் தொடர்ந்து 3 நாள் இருந்திருக்க வேண்டும். அவசரப் பிரிவிலும் கண்காணிப்பிலும் கழிந்த நேரம் இதில் சேராது. வெளியேறும் நாளும் சேராது. (தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வாண்டேஜ் திட்டங்களில் பெரும்பாலும் இந்த நிபந்தனை இல்லை. அங்கே முன் அனுமதி என்று வேறொரு தலைவலி.) மருத்துவரை நேரில் பிடித்துக் கேட்டேன். அம்மாவின் சோடியம் அளவும் இறங்கியிருந்ததால் அன்றே உள்நோயாளியாக உத்தரவு எழுதினார். நாள் கணக்கு அப்போதுதான் தொடங்கியது. உங்கள் வீட்டுப் பெரியவர் படுத்திருந்தால், 'இன்று எந்த நிலையில் பதிவாகியிருக்கிறார்?' என்று தினமும் காலையில் கேளுங்கள். தாளை நீட்டுவார்களே தவிர, கேட்காமல் யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள்.

மையத்துக்கு மாற்றியது சுலபமாக முடிந்தது. சேர்க்கைத் தாள்களில் மட்டும் கவனம் வேண்டும். பில்லுக்குப் பிள்ளைகள் சொந்தப் பணத்தில் பொறுப்பேற்க வேண்டும் என்று மையம் கட்டாயப்படுத்த மத்தியச் சட்டம் இடம் தரவில்லை. தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்வோம் என்ற நடுவர் மன்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திடாவிட்டால் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் அடித்துவிட்டுக் கொடுத்தேன். அலுவலகத்துப் பெண் முகம் சுளித்தார், வாங்கிக்கொண்டார்.

மெடிகேர் '100 நாள்' தரும் என்பார்கள். அது உச்சவரம்பு மட்டுமே, உறுதி அல்ல. மூன்றாம் வாரத்திலேயே, நாளை மறுநாளோடு மெடிகேர் உதவி முடிகிறது என்று அறிவிப்பு வந்தது. முறையீடு செய்ய, உதவி முடியும் நாளுக்கு முந்தைய நாள் நண்பகல் வரைதான் அவகாசம். தாளிலேயே தொலைபேசி எண் இருக்கும். காலையிலேயே அழைத்துப் பதிவு செய்தேன். செய்ததும், ஏன் நிறுத்துகிறோம் என்ற விரிவான விளக்கத்தை மையம் தந்தாக வேண்டும். தந்தார்கள். 'முன்னேற்றம் இல்லை, சொல்வதைப் பின்பற்றுவதில்லை' என்று எழுதியிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. 'விளிம்புக்கு நகர்ந்து வாருங்கள், குதிகாலை ஊன்றுங்கள்' என்று பிசியோதெரபிஸ்ட் ஆங்கிலத்தில் சொன்னால் அவர் சிரித்துத் தலையாட்டுவார், அவ்வளவுதான். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்ன நாளெல்லாம் வாக்கரைப் பிடித்துக் கதவுவரை போய் வந்தவர். மத்திய அரசின் பணம் வாங்கும் மையம் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். தொலைபேசி வழியாகத் தமிழிலும் ஆள் கிடைக்கும். ஒருமுறைகூட அவர்கள் அழைக்கவில்லை.

முறையீட்டை மறுஆய்வு செய்பவர் நம் தரப்பையும் கேட்பார். இதையெல்லாம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: ஜிம்மோ வழக்கில் 2013-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 'முன்னேற்றம் இல்லை' என்பது மட்டுமே மெடிகேரை நிறுத்தக் காரணமாகாது, பயிற்சி பெற்ற நர்ஸ் அல்லது தெரபிஸ்ட்டின் கவனிப்பு தேவைப்படுகிறதா என்பதே கேள்வி. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அடுத்த பயிற்சி நேரத்தில், தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேசுவதற்காக மேசைமேல் ஒலிபெருக்கித் தொலைபேசி வைத்திருந்தார்கள். அம்மா அந்தக் குரலிடம் முதலில் ஊர் எது என்று விசாரித்தார், பிறகுதான் எழுந்து நின்றார்.

முதல் 20 நாளுக்கு நாம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. 21-ஆம் நாளிலிருந்து நாளுக்கு இவ்வளவு என்று நம் பங்கு உண்டு; 2025-இல் அது 209.50 டாலராக இருந்தது. மெடிகேர் தராத பங்கை ஏற்க அப்பா இருந்தபோது எடுத்துவைத்த மெடிகேப் பாலிசி அதைக் கட்டியது. அதற்கும் ஒரு தாள் குறைகிறது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிய பிறகுதான்.