கெஸ்ட் ஹவுஸின் கார்பன் கணக்கு: ஏசி கேஸை விட்டுவிடாதீர்கள்

ராயப்பேட்டையில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸும், மாமல்லபுரம், காஞ்சிபுரம் போய்வர சில வேன்களும் வைத்து நடத்துகிறோம். எங்களுக்கு விருந்தினர்களை அனுப்பும் ஒரு வெளிநாட்டு ஏஜென்ட், சுற்றுலாத் துறைக்காக 2021-ல் வெளியான கிளாஸ்கோ பிரகடனத்தில் சேர்ந்தவர். 2030-க்குள் உலக அளவில் பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைப் பாதியாக்கத் துணை நிற்போம் என்று அதில் சேர்ந்தவர்கள் உறுதி கொடுத்திருக்கிறார்கள். அதனால் எங்கள் தொழிலால் வருடத்துக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்று எங்களிடமும் கணக்கு கேட்டார். இதற்கெல்லாம் ஆலோசகர் வைக்க வேண்டுமோ என்று தயங்குபவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்குத் தேவையில்லை, பில்கள் இருந்தால் போதும்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கரன்ட் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ, இதை மத்திய மின்சார ஆணையமே வருடாவருடம் வெளியிடுகிறது. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் சுமார் 57 கிலோ. பங்க் ரசீது, ஈபி பில், சிலிண்டர் பில், ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டுப் பெருக்கினால் பெரும்பகுதி முடிந்துவிடும்.

எங்களை அதிரவைத்தது ஏசி கேஸ்தான். கடல் காற்றில் அவுட்டோர் யூனிட்டின் காயில் அரித்துப்போய் கேஸ் கசிவது சென்னையில் சர்வசாதாரணம், கூலிங் குறைந்தால் மெக்கானிக் வந்து "மிச்சத்தைத் திறந்து விட்டுட்டு புதுசா அடிச்சிடலாம் சார்" என்பார், நாமும் சரி என்போம். பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால் இரண்டு டன்னுக்குச் சற்று அதிகமான கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், அதாவது எழுநூற்று ஐம்பது லிட்டருக்கும் மேல் டீசல் எரித்ததற்குச் சமம். பழைய ஆர்-22 கேஸும் ஏறக்குறைய அதே அளவுதான். இது எந்த ஈபி பில்லிலும் வராது, மெக்கானிக்கின் சீட்டில் "கேஸ் ஃபில்லிங்" என்று ஒரே வரியில் போய்விடும். இப்போது நாங்கள் மெக்கானிக்கிடம் சொல்வது இதுதான்: இருக்கும் கேஸை ரெகவரி மெஷினில் சிலிண்டருக்கு எடுத்துவிட்டு, நைட்ரஜன் அடித்து லீக் எங்கே என்று கண்டுபிடித்து, அடைத்து, பைப்பில் இருக்கும் காற்றை வேக்யூம் பம்ப்பால் உறிஞ்சி எடுத்து, அதன்பிறகு எடை பார்த்து நிரப்ப வேண்டும், எத்தனை கிராம் என்று பில்லில் எழுத வேண்டும். ரெகவரி மெஷின் வைத்திருப்பவரைத் தேடிப் பிடிக்கவே அலைய வேண்டியிருந்தது, செலவும் கூடுதல், ஆனால் அடிக்கடி கேஸ் போடும் தொல்லை நின்றது. மாற்றியே ஆக வேண்டிய ஏசிகளுக்குப் பதிலாக ஆர்-32 கேஸ் உள்ள புது ஏசிகளை வாங்கினோம், காற்றில் கலந்தால் பூமியைச் சூடாக்கும் திறன் அந்த கேஸுக்கு 410ஏ-வில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்.

டீசலில் பெரிய ஓட்டை, வண்டி நிற்கும்போது எரிவதுதான். கடற்கரைக் கோயிலை விருந்தினர்கள் சுற்றிப் பார்க்கும் நேரம் முழுக்க வேன் ஏசியோடு ஓடிக்கொண்டே இருக்கும். டிரைவரைக் குறை சொல்ல முடியாது, "வண்டி கொதிச்சுக் கிடந்தா கெஸ்ட் நம்மளத்தான் திட்டுவாங்கண்ணா" என்றார், நியாயம்தானே. வண்டியை நிழலில் போடுவது, கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு கைடு போன் செய்வது, அப்போது இன்ஜினை ஆன் செய்வது என்று பேசி முடிவு செய்தோம். மிச்சமாகும் டீசல் காசில் ஒரு பங்கு டிரைவருக்குப் போகிறது, அதனால்தான் இந்த ஏற்பாடு இன்றுவரை நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஏர்போர்ட்டுக்கு வேன் காலியாகப் போய் நிற்பதையும் குறைத்தோம். பெட்டி அதிகம் இல்லாதவர்களை மெட்ரோவில் எல்ஐசி ஸ்டேஷன் வரச் சொல்லி, அங்கே ஆள் நிறுத்தி அழைத்து வருகிறோம், அதுவே பலருக்குப் பிடித்திருக்கிறது.

மதுரைக்கு விமானம் போடுவதை நிறுத்தி ரயிலுக்கு மாறியது இன்னொரு நல்ல முடிவு. எழும்பூரிலிருந்து காலை தேஜஸில் ஏறினால் மதியம் மதுரை, மீனாட்சியம்மன் கோயில் நடை அப்போது சாத்தியிருக்கும், சாப்பிட்டு ஓய்வெடுத்து மாலை நான்கு மணிக்குமேல் போனால் சரியாக இருக்கும்.

துண்டைத் துவைக்கப் போட வேண்டாம் என்று பாத்ரூமில் அட்டை வைப்பது, மூங்கில் பிரஷ் கொடுப்பது இதெல்லாம் தப்பில்லை, ஆனால் கணக்கில் அசைவே தெரியாது. மரம் நட்டு ஈடு செய்கிறோம் என்று விளம்பரம் செய்வதை மட்டும் நான் ஏற்கவில்லை, கேஸ் கசிந்துகொண்டிருக்கும்போது அதைச் சொல்ல எப்படி மனம் வரும்? ஏசியை 24 டிகிரியில் வைப்பது அதைவிட உருப்படியான வேலை, ஒரு டிகிரி கூட்டினால் அந்த ஏசி இழுக்கும் கரன்டில் சுமார் 6 சதவீதம் மிச்சம்.

அடுத்தது மொட்டை மாடியில் சோலார். கட்டடம் வாடகைக்கு எடுத்தது, ஓனர் மாடியைத் தர சம்மதித்துவிட்டார். பேனல் போட்டபின் குத்தகை எத்தனை வருடம் என்பதில்தான் பேச்சு நிற்கிறது.