சார் கற்பித்த ‘மெல்லோ’

எங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியர் மறைந்த செய்தி வந்தபோது இங்கே டொராண்டோவில் நள்ளிரவு. அவர் பெயரைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தது ஒரே ஒரு ஆங்கிலச் சொல்: ‘மெல்லோ’ (mellow).

ஒன்பதாம் வகுப்பில், மதிய மணிக்கு அடுத்த பாடவேளையில், அச்சொல்லுக்குப் பொருள் கேட்டு என்னை எழுப்பினார். ‘எல்லோ’ என்று எண்ணி, ‘மஞ்சள்’ என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் என் பெயர் மஞ்சள். சார் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஒரு சீப்புப் பூவன் பழத்தையும், படுகை வாழைக்கொல்லையிலிருந்து ஒரு பொட்டலம் வண்டலையும் மேசைமேல் வைத்தார். நன்றாகப் பழுத்துக் குழைந்த பழமும் மெல்லோ, கட்டி தட்டாமல் கைக்குள் பொலபொலவென்று உதிரும் வளமான மண்ணும் மெல்லோ என்றார். ‘ரைப்’ என்றால் பழுத்துவிட்டது என்பதோடு சரி. துவர்ப்பும் கடுமையும் காலத்தால் அடங்கியதைச் சொல்ல ‘மெல்லோ’ வேண்டும். ஆகவே பிஞ்சுக்கு அது பொருந்தாது. மாலை வெயிலுக்கும், வயதால் கோபம் தணிந்த மனிதருக்கும் பொருந்தும்.

ஒலிக்கு அவர் காட்டியது நரசிங்கம்பேட்டை நாகசுரம். பழைய வீடுகளில் பல்லாண்டுகள் உத்தரமாகவும் தூணாகவும் இருந்து ஈரம் வற்றிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்கித்தான் அதைக் கடைகிறார்கள். அந்த முதிர்ந்த மரத்திலிருந்து குழைந்து வரும் நாதமே மெல்லோ என்று அவர் விளக்கியபோது, சிரித்தவர்களும் குறிப்பெடுத்தார்கள்.

இச்சொல்லுக்கு ‘மென்மையான’ என்று பொருள் எழுதி முடிப்பதை இன்றும் என்னால் ஏற்க முடிவதில்லை. பஞ்சும் மென்மையானதுதான், அதை யாரும் மெல்லோ என்பதில்லை. பழத்துக்கும் குரலுக்கும் மனத்துக்கும் ‘கனிந்த’ என்பதே நெருங்கி வருகிறது. மண்ணுக்கு மட்டும் ‘பதமான’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். வராந்தாவின் கடைசிவரை கேட்ட அந்த அதட்டும் குரல், ஒவ்வொரு சொல்லையும் வருடிக்கொண்டு மெதுவாக வந்தது. அவர் கற்றுத்தந்த சொல் அவர் குரலுக்கே எத்தனை பொருத்தமாக இருக்கிறது என்று சொல்ல நா வரை வந்தது. சொல்லாமல், இங்குள்ள குளிரைப் பற்றியும் அவருடைய மருந்துகளைப் பற்றியும் பேசினேன்.

“எப்பப்பா ஊருக்கு வரே?” என்று கேட்டார். அடுத்த குறுவை அறுப்புக்கு வந்துவிடுவதாகச் சொன்னேன். வரவில்லை.