பிக்கப் இல்லாத சின்ன கார்: மலையைக் குறை சொல்லும் முன் பேக் பிரஷர் பாருங்கள்

"ஊட்டியில ஓடுற வண்டிங்க, பிக்கப் கம்மியாத்தான் இருக்கும்." இந்த ஒரு பதிலுக்குள் எத்தனையோ வண்டிகளின் கோளாறு ஒளிந்துகொள்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். டர்போ இல்லாத என்ஜின் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், அது நியாயம். ஆனால் இந்த வண்டி (2014 மாடல், 1 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல்) மேட்டுப்பாளையம் சமதளத்திலேயே 80-ஐத் தாண்டத் திணறியது. பர்லியார் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் 3,000 ஆர்பிஎம்மோடு நின்றுவிடும், பெடலை அடிவரை மிதித்தாலும் சத்தம்தான் கூடும். ஐடிலிங் மட்டும் அருமையாக இருந்தது. செக் என்ஜின் விளக்கும் எரியவில்லை.

ஏர் ஃபில்டர், பெட்ரோல் பிரஷர், கிளட்ச் ஸ்லிப், பிரேக் பிடிப்பு எல்லாம் பார்த்தாயிற்று, சுத்தம். அடுத்து ஸ்கேனர். இக்னிஷன் ஆன், என்ஜின் ஆஃப் நிலையில் மேப் சென்சார் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். ஊட்டியில் 77–78 கிலோபாஸ்கல், மேட்டுப்பாளையத்தில் 97–98. இரண்டு இடத்திலும் சரியாகவே காட்டியது. ஊட்டியில் ஓடும்போது முழு பெடலில் 76. காற்று உள்ளே போகும் வழியில் அடைப்பு இருந்தால் இந்த எண் நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். ஆக, உள்ளே வழி திறந்திருக்கிறது, வெளியே போகும் வழியில்தான் வில்லங்கம். லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் (பெட்ரோல் அளவில் என்ஜின் கணினி செய்துவரும் திருத்தம்) மைனஸ் 14 சதவீதம் இருந்ததும் அதற்குப் பொருந்தியது. புகை வெளியேறாமல் சிலிண்டரில் தங்குவதால் புதுக்காற்று குறைகிறது. மேப் சென்சாரை நம்பும் என்ஜின் கணினி (இசியு) முழுக்காற்று வந்ததாக நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுகிறது, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் அதைக் குறைக்கச் சொல்கிறது.

வேக்யூம் கேஜ் (என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தை அளப்பது) வைப்பவர்கள் கவனிக்க: புத்தகத்தில் ஐடிலிங்குக்கு 18–20 அங்குலம் பாதரசம் என்றிருப்பது கடல்மட்டக் கணக்கு. ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். ஊட்டியில் 11–13 வந்தாலே நல்ல என்ஜின். இது தெரியாமல் ரிங் தேய்ந்துவிட்டதாகச் சொல்லி என்ஜினைப் பிரிப்பது பெரிய அநியாயம். இந்த வண்டியில் ஐடிலிங்கில் 12 இருந்தது. 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்திப் பிடித்தபோது முள் நிலைக்காமல், அரை நிமிடத்தில் மெல்ல மெல்ல 7-க்கு இறங்கியது. அடைத்த எக்ஸாஸ்டின் கையெழுத்து இது.

இனி பேக் பிரஷர், அதாவது வெளியேற வழியில்லாத புகை என்ஜினை நோக்கித் திருப்பித் தள்ளும் அழுத்தம். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜை மாட்டி அளக்க வேண்டும். இதற்கான அடாப்டர் கடையில் வாங்க வேண்டியதில்லை. செத்துப்போன பழைய ஆக்சிஜன் சென்சார் ஒன்று போதும், அதன் மரை எம்18, பிட்ச் 1.5. உள்ளிருக்கும் செராமிக்கை உடைத்து எடுத்துவிட்டு 6 மிமீ செம்புக் குழாயைச் செருகி, லேத் பட்டறையில் பித்தளை வைத்துப் பற்றவைத்துக்கொள்ளலாம். செம்புக் குழாய் அரை மீட்டராவது இருக்கட்டும், சுருளாக வளைத்து வையுங்கள். சூடு அதிலேயே இறங்கிவிடும், அதன் பிறகு ரப்பர் ஹோஸ் மாட்டினால் உருகாது. கேஜ் 0–10 பிஎஸ்ஐ வேண்டும். டயருக்கு வைக்கும் 100 பிஎஸ்ஐ கேஜில் முள் அசையவே அசையாது. இன்னொன்று, எக்ஸாஸ்ட் துடிப்பில் முள் நடுங்கிக்கொண்டே இருக்கும், எண்ணைப் படிக்க முடியாது. மீன் தொட்டி ஏர் டியூபுக்குப் போடும் சின்ன வால்வை ஹோஸின் நடுவில் மாட்டி முக்கால்வாசி மூடினால் முள் அடங்கிவிடும். பல நாள் தலைவலியைத் தீர்த்த வால்வு அது.

முன் சென்சாரைக் கழற்றத்தான் பொறுமை வேண்டும். துரு இளக்கும் எண்ணெய் அடித்து, என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி, சூடு இருக்கும்போதே 22 மிமீ பிளவு சாக்கெட்டால் திருப்ப வேண்டும். குளிர்ந்த பிறகு முறுக்கினால் மரை பிய்ந்து வரும்.

ஐடிலிங்கில் 1.25 பிஎஸ்ஐக்குள், 2,500-இல் 3-க்குள் இருக்க வேண்டும். இதில் 1.8, பிறகு 7, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மலைமேல் என்ஜின் விழுங்கும் காற்றே குறைவு என்பதால் இங்கே 3 வந்தாலும் சந்தேகப்படுவேன்.

கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும், உள்ளே தேன்கூடு போன்ற அமைப்புள்ள டப்பா) இறக்கி டார்ச் அடித்ததும் விஷயம் தெரிந்தது. தேன்கூட்டில் மூன்றில் ஒரு பங்கு உருகிக் கண்ணாடிக் கட்டியாகிக் கிடந்தது. கையால் தட்டினால் உள்ளே துண்டு உருளும் சத்தம். காரணம் இரண்டாம் சிலிண்டர் காயில் பூட்டில் (காயிலிலிருந்து ப்ளக்கை மூடும் ரப்பர் உறை) விழுந்த விரிசல். ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி கருப்புத் தடம். மூடுபனியில் ஈரம் ஏறி அந்த வழியாக ஸ்பார்க் ஓடியிருக்கிறது, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்திருக்கிறது. மூன்று பூட், மூன்று ப்ளக் மாற்றியாயிற்று. பூட்டுக்குள் சிலிகான் கிரீஸ் தடவியிருக்கிறது. இதை விட்டுவிட்டுப் புது கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் அடுத்த மழைக்காலத்தில் உருகும்.

கம்பியால் குத்தித் தேன்கூட்டைக் கொட்டிவிடச் சொல்லும் யோசனை எப்படியும் வரும். கேட்காதீர்கள். புகைச் சோதனையில் நிற்காது, பின் சென்சார் பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பிழைக் குறியீடு) போடும், காற்றும் கெடும்.

கோவையில் கேட்டதில் விலை குறைந்த யுனிவர்சல் கன்வெர்ட்டரும் கிடைக்கிறது. ஒரே அளவு டப்பாவாக இருந்தாலும் எடை குறைவாக இருந்தால் உள்ளே தேன்கூடு சின்னதென்று அர்த்தம், கையில் தூக்கிப் பாருங்கள். கம்பெனி பார்ட்டுக்கே ஆர்டர் சொல்லியிருக்கிறது, இன்னும் வரவில்லை. கூடவே ரிங் கேஸ்கெட், ஸ்பிரிங் போல்ட் புதிது வேண்டும், பழையதைப் போட்டால் மூட்டில் கசிந்து சென்சாரை ஏமாற்றும். சென்சார் மரைக்கு ஆன்டி-சீஸ் (மரை இறுகாமல் காக்கும் பசை) கொஞ்சம், சென்சார் முனையில் படவே கூடாது.

மாட்டியதும் மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 வளைவிலும் மேப், டிரிம் இரண்டையும் பதிவு செய்து உயரத்தோடு கோடு போட்டுப் பார்க்கத் திட்டம். த்ராட்டில் பாடி கழுவும் வேலை அதற்கு அப்புறம், இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.