ராத்திரி விளக்கும் 62.5 நானோ செகண்டும்

ஜூன் 3, தண்டையார்பேட்டை
அக்கா மகள் தூங்கும் அறைக்குச் செய்த எல்இடி விளக்கு மெல்ல மங்கி வந்து, கடைசியில் வெட்டி வெட்டி அணைகிறது. “என்னடா இது, கொழந்த கண்ணு சொருகுற நேரத்துல இது கண்ணடிக்குது?” அக்கா கேட்டது நியாயம்தான். விளக்கை ஓட்டுவது ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு. அது விளக்கை நொடிக்குப் பல நூறு முறை ஏற்றி அணைக்கும்; ஒவ்வொரு சுற்றிலும் எரியும் நேரம் குறையக் குறைய வெளிச்சம் மங்கும். இதுதான் பிடபிள்யூஎம். அந்த நேரத்தைச் சொல்லும் அனலாக்ரைட் கட்டளை தருவது 0 முதல் 255 வரை. 200-லிருந்து 199-க்கு இறங்கினால் யாருக்கும் தெரியாது. 2-லிருந்து 1-க்கு வந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஜூன் 4
விளக்குக்குப் போகும் முனையான 9-ஆம் பின்னை ஓட்டுவது சிப்புக்குள் டிக் டிக்காக எண்ணும் டைமர்-1; அது 16 பிட், அதாவது 65,536 படி. 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஒரு டிக் 62.5 நானோ செகண்ட். அதைவிடப் பொடியாக நறுக்க வழியில்லை. 65,536 படியும் வேண்டுமென்றால் ஒரு சுற்றுக்கு 4.1 மில்லி செகண்ட், அதாவது 244 ஹெர்ட்ஸ். மொபைலில் வீடியோ எடுத்தால் கறுப்புப் பட்டை ஓடுகிறது. பாப்பாவை வீடியோ எடுக்காத நாள் இந்த வீட்டில் ஏது? டைமர் எதுவரை எண்ண வேண்டும் என்று சொல்லும் ஐசிஆர்1-இல் 4095 போட்டேன். 4,096 படி, 3,906 ஹெர்ட்ஸ். பட்டை போச்சு.

ஜூன் 6
கரண்ட் போய்த் தெருவே இருட்டு. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது, 12 வோல்ட் பேட்டரியும் இருந்தது; சோதிக்க இதைவிட நல்ல நேரம் வராது. படியை 1, 2, 3 என்று ஏற்றினேன். எல்இடி ஸ்ட்ரிப் அசையவில்லை. பத்தைத் தாண்டித்தான் முதல் கீற்று.

காரணம், பின்னுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் ஸ்விட்சாக இருக்கும் மாஸ்ஃபெட். பின் தரும் இருபது முப்பது மில்லி ஆம்பியரில் அதைத் திறக்கும் முனையான கேட் நிரம்பவே ஒன்றிரண்டு மைக்ரோ செகண்ட் ஆகும். குழாயைத் திறந்த கையோடு மூடினால் குடத்தில் என்ன விழும்? கணக்கில் 12 பிட் (4,096 படி), கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. கணக்கை மட்டும் பார்த்துப் பெருமைப்படுகிறவர்கள் ஒருமுறை இருட்டில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பின்னிலேயே நேராக மாட்டிய சின்ன எல்இடியின் கதை நேரெதிர். 0 கொடுத்தும் லேசாக மினுங்குகிறது. டைமரை நான் ஓட்டும் ஃபாஸ்ட் பிடபிள்யூஎம் முறையில் 0 என்றாலும் சுற்றுக்கு ஒரு டிக் வெளியே வந்துவிடும், சிப்பின் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது.

ஜூன் 7
டைமருக்குப் போகும் கிளாக்கை வகுக்கும் பிரீஸ்கேலரை 8 ஆக்கினேன். ஒரு டிக் அரை மைக்ரோ செகண்ட், அதே 4,096 படி, 488 ஹெர்ட்ஸ். அடிப்படிகள் இப்போது வேலை செய்கின்றன. கேட்டைச் சட்டென்று நிரப்பும் கேட் டிரைவர் ஐசி போட்டு வேகத்தையும் காப்பாற்றலாம். ஒரு விளக்குக்காக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு வரை போக மனசில்லை. 0 வந்ததும் பின்னை டைமரிலிருந்து கழற்றிவிட ஒரு வரி சேர்த்தேன். வீடியோவில் பட்டை மெலிதாகத் திரும்ப வந்திருக்கிறது. அக்கா இன்னும் கவனிக்கவில்லை.