கேட்டபடி

“சொருகுவேன்” என்றுதான் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை.

2008 ஜூலை 9, மதியச் சாப்பாட்டு நேரம். அமெரிக்க செனட்டில் அன்றைக்குத்தான் வாக்கெடுப்பு: கோர்ட் வாரண்ட் இல்லாமல் ஒட்டுக்கேட்க அரசுக்கு உதவிய டெலிபோன் கம்பெனிகளுக்கு வழக்குகளிலிருந்து விலக்கு தரும் மசோதா. எதிரே இருந்த நண்பர் ஃபைபர் கேபிள் வேலையிலேயே தலை நரைத்தவர். அவர் கேட்டது இவ்வளவுதான்: “மேலிருந்து கடிதம் வருகிறது. அதிபர் உத்தரவு, எல்லாம் சட்டப்படிதான் என்று போட்டிருக்கிறது. கோர்ட் வாரண்ட் மட்டும் இல்லை. ஸ்ப்ளிட்டரைச் சொருகுவாயா?”

என் பதிலுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாண்ட்விச் சுற்றிய காகிதத்தை நாலாக மடித்தார், எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

மார்க் க்ளைன் கதை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். சான் பிரான்சிஸ்கோவில் ஃபோல்சம் தெரு 611, அறை எண் 641ஏ: உளவு அமைப்பான என்எஸ்ஏவின் ரகசிய அறை. ஏடி அண்ட் டி டெலிபோன் கம்பெனியில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், 2006இல் காகிதங்களோடு வெளியே வந்தார். ஸ்ப்ளிட்டர் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஃபைபரில் போகும் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஒன்று போகிற இடத்துக்குப் போகும், இன்னொன்று அந்த அறைக்கு. வெளிச்சம் குறையும், அவ்வளவுதான். போனில் பேசுகிறவருக்கு எதுவும் தெரியாது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடிதம் செல்லுமா செல்லாதா என்று ரேக் முன்னால் நிற்கிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? அதுவும் எச்1பி என்கிற வேலை விசாவில் இருக்கிறவன்? வேலை போனால் விசாவும் போச்சு. நல்லெண்ணத்தோடு உதவியவர்களைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமா என்று கம்பெனிகள் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. முறையான சான்றோ கோர்ட் உத்தரவோ வைத்திருந்த கம்பெனிக்கு 1978 சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. பிறகு எதற்குப் புதிதாக ஒன்று, அதுவும் நடந்து முடிந்ததற்கு?

அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த செனட்டர் கிறிஸ் டாட் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். 2007 டிசம்பரில், அயோவா உள்கட்சித் தேர்தலுக்கு மூன்று வாரம்கூட முழுதாக இல்லாதபோது, பிரசாரத்தை விட்டுவிட்டு வாஷிங்டன் வந்து மணிக்கணக்கில் பேசினார். மசோதாவை அன்று செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் திரும்ப எடுத்துக்கொண்டார். அயோவாவில் டாடுக்கு ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார்.

அந்த ஜூலையில் விலக்கை நீக்கச் சொன்ன அவருடைய திருத்தம் 32–66 என்று தோற்றது. அப்போது அதிபர் தேர்தலில் நின்ற செனட்டர் ஒபாமா திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அது தோற்றதும் மசோதாவுக்கும் ஆதரவாகவே வாக்களித்தார். முந்தைய அக்டோபரில், விலக்கு இருந்தால் மசோதாவை முடக்குவதற்குத் துணை நிற்பார் என்று சொன்னது அவர் தரப்புதான். ஹிலாரி கிளின்டன் எதிர்த்தார். மசோதா 69–28 என்று நிறைவேறியது. என் நண்பரின் காரில் ஒபாமா ஸ்டிக்கர் இருந்தது. மறுநாளும் இருந்தது, பார்த்தேன்.

ஒபாமாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஜெயிக்க வேண்டியவர் கணக்குப் பார்க்கத்தான் செய்வார். டாடுக்கு இழக்க என்ன இருந்தது என்றும் தோன்றும். உடனே, இழக்க ஒன்றுமில்லாத மற்றவர்கள் ஏன் எழுந்து நிற்கவில்லை என்றும் தோன்றும். இந்த இடத்தில் நான் எப்போதும் சிக்கிக்கொள்கிறேன்.

அன்று எதிரே இருந்த நண்பரிடம் சொல்லாத ஒன்று உண்டு. 2006இல் ஒரு டிக்கெட், அதாவது வேலைக் கோரிக்கை, வந்தது. ஒரு போர்ட்டில் போவதை இன்னொரு போர்ட்டுக்கு நகல் எடுத்து அனுப்ப வேண்டும். பழுது பார்க்க வாரம் நாலு தடவை செய்கிற வேலைதான். இதில் வாடிக்கையாளர் பெயர் இல்லை, பழுது எண்ணும் இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த நம்மூர் அண்ணனிடம் காட்டினேன். “நமக்கெதுக்குப்பா? முடிச்சு அனுப்பு” என்றார். இருபது நிமிடத்தில் முடித்தேன்.

பெரும்பாலும் அது ஒன்றுமில்லாத விஷயமாகத்தான் இருக்கும். யாரோ அவசரத்தில் படிவத்தை நிரப்பாமல் விட்டிருப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அப்படித்தான். ஆனால் கேட்டிருந்தால் யாரும் என்னை வேலையை விட்டுத் தூக்கியிருக்க மாட்டார்கள். ஒரு வரி மெயில்தானே.

சுமார் 40 வழக்குகள் அந்தச் சட்டத்தால் 2009இல் தள்ளுபடியாயின. உள்ளே என்னதான் நடந்தது என்பதை அந்த வழக்குகளில் எந்தக் கம்பெனியும் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை. டிக்கெட்டை மூடும்போது ‘காரணம்’ என்றொரு கட்டம் வரும், காலியாக விட முடியாது. அதில் நான் அடித்தது: கேட்டபடி.