பாய்மரப் பயணக் குறிப்புகளில் எனக்குப் பிடித்த இடம்

புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் தில்னாவும், இருவரும் கடற்படை அதிகாரிகள், 56 அடி பாய்மரப் படகான தாரிணியில் 2024 அக்டோபர் 2 கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 திரும்பினார்கள். இரண்டே பேர்! எல்லாரும் புயலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இப்படிப்பட்ட உண்மைக் குறிப்புகளில் நான் தேடிப் படிப்பது கயிற்றைப் பற்றி.

பாயைத் தூக்கிப் பிடிக்கும் கயிறு, பாய்மர உச்சிக் கப்பியில் ஒரே இடத்தில் இரவும் பகலும் உரசும். படகு உருளும்போதெல்லாம் ஓர் இழுப்பு. கவனிக்காமல் விட்டால் மேலுறை கிழிந்து, உள்ளிழை பஞ்சாகி, நடுக்கடலில் அறும். பாய் சரிந்துவிடும், ஆடுகிற மரத்தில் ஏறித்தான் புதுக்கயிறு கோக்கணும். அதனால் தினமும் நாலு விரற்கடை இளக்கி உரசும் இடத்தை மாற்றுவார்கள். புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அடுத்தது, காற்று ஏறும்முன்பே பாயைச் சுருக்குவது. தாமதித்தால் படகு சாய்ந்து, சுக்கானுக்கு அடங்காமல் காற்றை நோக்கித் திரும்பிவிடும்.

முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தனியாளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் 2022-23இல் இரண்டாவதாக வந்தவர். காற்றுவிசையில் தானே சுக்கான் பிடிக்கும் கருவி பழுதானபோது, கழிவறைக் கதவை அறுத்து உதிரிபாகம் செய்தார். எந்தக் கற்பனைக் கதையில் இது வரும்?