கூஸ்கோ, ஜூன் குறிப்புகள்

ஜூன் 2, கூஸ்கோ

வந்து சேர்ந்தோம். 3,400 மீட்டர். பெட்டியோடு மாடி ஏறியதும் இருவருக்கும் மூச்சு வாங்கியது. விடுதிக்காரப் பெண் கோக்கா இலை போட்ட வெந்நீர் கொடுத்தாள். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு அக்காவுக்கு 86. எனக்கு 89.

ஜூன் 3

தூக்கம் இல்லை. கண் அசந்ததும் மூச்சு நின்றுவிடுகிறது, அப்புறம் சட்டென்று இழுத்துக்கொண்டு விழிப்பு வருகிறது. உயரத்தில் இது வரும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லித்தான் அனுப்பினார். என்னுடையது பரவாயில்லை. அக்காவுடையது நின்று நின்று வருவதை இருட்டில் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதுதான் முடியவில்லை. உயரத்துக்காகப் போடும் டயாமாக்ஸ் மாத்திரையால் விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிறது.

ஜூன் 4

மலையேற்ற அலுவலகத்தில் பாஸ்போர்ட் பார்த்தார்கள். பட்டியலில் மூன்று பெயர்.

மாச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதில் பாதிக்கு மேல் வழிகாட்டிகளும் போர்ட்டர்களும். மாதக்கணக்கில் முன்னால் எடுத்து வைக்க வேண்டும். பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் வைத்துத் தருவதால் இன்னொருவருக்கு மாற்ற வழியில்லை. "மூன்றாமவர்?" என்றாள் அலுவலகப் பெண். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பெண் அந்தப் பெயருக்கு நேராகப் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சதுக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 24 இன்டி ராய்மி வரைக்கும் இந்த ஊரில் தினமும் ஆட்டம்தானாம். கல் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தோம். நல்ல வெயில்.

ஜூன் 5, திப்போன்

எல்லோரும் சக்சாய்வாமன் கோட்டைக்குப் போக, அக்கா திப்போன்தான் என்று நின்றாள். அத்தான் நோட்டில் முதல் பக்கத்தில் இருப்பது அதுதான்.

கூஸ்கோவுக்குக் கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெரிய பெரிய படிவயல்கள், ஆளுயரத்துக்கு மேல் கற்சுவர்கள். மேலே ஓர் ஊற்று. அந்தத் தண்ணீர் கல் வாய்க்காலில் வந்து, ஓரிடத்தில் நான்கு தாரைகளாகப் பிரிந்து விழுகிறது. நான்கும் ஒரே பருமன். ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு தாரை தடித்து ஒரு தாரை இளைத்துப் போகவில்லை. அக்கா கையை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "அடிமட்டம் ஒரு நூல் சாய்ந்திருந்தால்கூட இது வராதுடி" என்றாள். அத்தான் சொல்வது மாதிரியே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாய்க்காலின் ஓரமாகக் கீழே வரை நடந்தோம். செங்குத்தான இடங்களில் சுவரிலேயே பள்ளம் செதுக்கித் தண்ணீரை இறக்கியிருக்கிறார்கள், மண் அரிக்காது. கீழே ஊர்க்காரர்கள் இன்னும் அந்தத் தண்ணீரில் பயிர் செய்கிறார்கள். இதைப் பார்க்க எங்களைத் தவிர நாலைந்து பேர்தான் வந்திருந்தார்கள். எனக்கு ஆதங்கமாக இருந்தது. இவ்வளவு தூரம் வருகிறவர்கள் இதைப் பார்க்காமல் போகிறார்களே.

ஜூன் 6

அக்காவுக்கு இருமல்.

ஜூன் 7

வறட்டு இருமல்தான். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. காற்று அவ்வளவு வறட்சி, இங்கே பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதெல்லாம் தெரியும். தெரிந்தும் இரவு முழுக்க அதே நினைப்பு.

உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று படித்திருக்கிறேன். முதலில் வறட்டு இருமல், நடந்தால் அளவுக்கு மீறிய களைப்பு. அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், நெஞ்சில் களகளவென்று சத்தம் வரும், நுரை வரும். அதற்கு முதல் வைத்தியம் உடனே கீழே இறங்குவது. கூஸ்கோவில் இருந்தால் ஆஸ்பத்திரி உண்டு, வண்டி உண்டு. பாதையில் இரண்டாம் நாள் ராத்திரி தங்கும் பகாய்மாயோ பள்ளத்தில் ஒன்றும் இல்லை. முன்னாலும் மலை, பின்னாலும் மலை.

அக்காவிடம் போகவேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. மத்தியானம் அவள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாச்சு பிச்சுவின் கணக்கு: 749 மீட்டர் வாய்க்கால், 16 நீர்த்துறைகள், வாட்டம் 3 சதவீதத்தை ஒட்டி. அத்தானின் பச்சை மசி. பேசாமல் வெளியே வந்து மருந்துக்கடையில் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இரவு 85. பகலில் 88. ராத்திரியில் குறையத்தான் செய்யும். செய்யும்தானே.

ஜூன் 8, ஒயந்தாய்தம்போ

2,800 மீட்டருக்கு இறங்கியதும் எனக்கே உயிர் வந்தது. அக்காவுக்கு 92. இருமல் பாதியாகிவிட்டது.

தெருவெல்லாம் வாய்க்கால். இன்கா காலத்தில் போட்ட தெருக்கள், ஓரத்தில் கல் வாய்க்கால், அதில் சலசலவென்று தண்ணீர். ஒரு பெண் வாசலில் குனிந்து அதில் பாத்திரம் அலம்பிக்கொண்டிருந்தாள். மேலே கோயில் மேடையில் ஆறு பெரிய கற்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் பல பத்து டன். கல் வெட்டிய இடம் ஆற்றுக்கு அக்கரையில், எதிர்மலையின் உயரத்தில். அங்கிருந்து இறக்கி, ஆறு தாண்டி, மறுபடி மேலே ஏற்றியிருக்கிறார்கள். கொண்டுவரும் வழியில் நின்றுபோன கற்கள் இன்றும் வயலோரம் கிடக்கின்றன. இன்கா அரசன் மாங்கோ ஸ்பானியப் படையை இங்கேதான் திருப்பி அடித்தான். சமவெளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவர்கள் குதிரைகளைச் சேற்றில் சிக்கவைத்தான் என்று வழிகாட்டி சொன்னதும் அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அக்கா வழிகாட்டியைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறாள். அவரும் அதற்குத் திரும்புகிறார்.

ஜூன் 9, வாய்யபம்பா முகாம்

82-வது கிலோமீட்டரில் சோதனைச்சாவடி. போர்ட்டர்களின் மூட்டைகளைத் தராசில் நிறுத்துகிறார்கள். ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் கூடாது, சட்டம். 2000-க்குப் பிறகுதான் அந்தச் சட்டமே வந்தது. அதற்கு முன் எவ்வளவு ஏற்றினார்கள் என்று ஒரு வயதான போர்ட்டர் கையால் காட்டினார். டயர் ரப்பர் செருப்பு, குதிகாலில் வெடிப்பு. நாங்கள் கிளம்பி ஒரு மணி நேரத்தில் எங்கள் கூடாரத்தையும் அடுப்பையும் சுமந்துகொண்டு எங்களைத் தாண்டி ஓடிவிட்டார்.

சாவடியில் மூன்று பெயரையும் படித்தார்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லை, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி படித்தார்கள். தம்பி குனிந்து ஏதோ சொன்னபின் முத்திரை குத்தினார்கள்.

நடை சுலபம்தான். பத்தாயக்தா இடிபாடுகளை மேலே நின்றே பார்த்தோம், ஆற்று வளைவை ஒட்டி வளைவு வளைவாகப் படிவயல். அக்கா 89. சாப்பிட்டாள்.

ஜூன் 10

காலை 4 மணி. ராத்திரி இருமினாள். எழுந்து உட்கார்ந்து இருமினாள். தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

அதே நாள், யுயுச்சாபம்பா. 3,800 மீட்டர். இதுதான் திரும்புவதற்குக் கடைசி இடம். இதைத் தாண்டி வார்மிவன்யுஸ்கா கணவாய் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் இறங்கத்தான் வேண்டும்.

கருவி 73 காட்டியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. திரும்பிவிடலாம் என்றேன். அக்கா ஒன்றும் பேசவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. தம்பி வந்து அக்காவின் விரலைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ். சூடான முன்யா மூலிகைத் தேநீர்க் கோப்பையை அவள் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடிக்கச் சொன்னார். விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் காட்டும் என்றார். பத்து நிமிடம் கழித்து 81.

ஆனால் அவர் பார்த்தது அந்த எண்ணை இல்லை. அக்காவின் உதட்டு நிறத்தைப் பார்த்தார். முதுகில் காதை வைத்துக் கேட்டார். அவள் பெயர், எங்கள் அம்மா பெயர், இன்று என்ன கிழமை என்று பேச்சுக் கொடுத்தார். கல்தரையில் குதிகாலும் கட்டைவிரலும் தொட நேர்கோட்டில் நடந்து காட்டச் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று சமையல்காரரிடம் கேட்டார். கஞ்சி முழுவதும், ரொட்டி இரண்டு. சரி, போகலாம், என் பின்னால் மட்டும், நான் வைக்கிற வேகத்தில் என்றார். ஆக்சிஜன் சிலிண்டர் தூக்குகிறவர் எங்களுக்கு நாலடி பின்னால் வந்தார், கடைசி வரைக்கும்.

அந்த வேகத்தை என்ன சொல்வது, கோயில் பிராகாரத்தில் அடிப்பிரதட்சிணம் பண்ணுகிற வேகம். ஒரு கால், ஒரு மூச்சு. அடுத்த கால், அடுத்த மூச்சு. எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். எனக்கு அவர்கள் யாரும் கண்ணில் படவில்லை, அக்காவின் பூட்ஸ் குதிகால் மட்டும்தான்.

4,215 மீட்டர். கடல் மட்டத்தில் கிடைக்கிற காற்றழுத்தத்தில் 60 சதவீதம்தான் அங்கே. அக்கா கல்லில் உட்கார்ந்து சிரித்தாள், எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் பார்க்கிறேன். தம்பி மூன்று கோக்கா இலைகளைச் சேர்த்துக் கையில் கொடுத்தார். மலைகளின் பக்கம் திரும்பி இலைமேல் ஊதிவிட்டு, கல்லுக்கடியில் வைக்க வேண்டும். அக்கா ஊதியபோது இருமல் வந்துவிட்டது. மறுபடி ஊதினாள். வைத்துவிட்டு அதன்மேல் அவளே ஒரு கல் தேடி எடுத்து வைத்தாள்.

இறக்கம் முழங்காலைக் கொன்றுவிட்டது. எழுத முடியவில்லை.

ஜூன் 10, இரவு, பகாய்மாயோ

82. சத்தம் இல்லை. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன், சத்தம் இல்லை.

ஜூன் 11, வின்யாய் வய்னா

தூங்கியிருக்கிறாள்! ஆறு மணி வரை!

இன்று முழுக்க வழி நெடுக இடிபாடுகள். ருங்குராக்காய் வட்டமாக, மலை விளிம்பில். சாயக்மார்க்காவுக்கு ஏற ஒற்றைப் படிக்கட்டுதான், நான் ஏறினேன், அக்கா கீழே உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் பாதை பெரும்பாலும் இன்கா காலத்துக் கல்தளமே. மேகக்காடு, பாசி, ஆர்க்கிட். ஓரிடத்தில் பாறையைக் குடைந்து பாதையை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

புயுபதமார்க்காவில் அக்கா நின்றுவிட்டாள். ஒன்றன் கீழ் ஒன்றாகக் கல் தொட்டிகள், ஒல்லியாகத் தண்ணீர் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இறங்குகிறது. தொட்டிக்குள் விழும் தாரை சுவரை ஒட்டி வழியாமல் எட்டி விழுவதற்காக வாய்க்கால் நுனியைக் கூராக்கியிருக்கிறார்கள், விரல் அகலத்துக்கு. அதைப் படம் எடுத்தாள். நோட்டைப் பிரித்து, அத்தான் எழுத்துக்குக் கீழே, பென்சிலால் வரைந்தாள். இதுவரை அந்த நோட்டில் அவள் ஒரு எழுத்து எழுதி நான் பார்த்ததில்லை.

2,650 மீட்டர். 92. இந்தக் கருவியைப் பையின் அடியில் போட்டுவிட்டேன்.

போர்ட்டர்களுக்கு நன்றி சொல்லிப் பிரியும் கூட்டம் நடந்தது. அக்கா ஒவ்வொருவர் கையையும் பிடித்து சுல்பாய்கி, சுல்பாய்கி என்றாள். சிலிண்டர் தூக்கியவர் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

ஜூன் 12

அதிகாலை வரிசையில் நின்றோம். 5.30-க்குத் திறந்தார்கள். கடைசிச் சாவடி. இரண்டு பெயர் படித்ததும் தம்பி பட்டியலை மறைத்தாற்போல் கையை வைத்தார். அக்கா அவர் கையை விலக்கிவிட்டு, மூன்றாவதையும் படியுங்கள் என்றாள். தமிழில்தான் சொன்னாள். அவர்களுக்குப் புரிந்தது. படித்தார்கள்.

இன்டி புங்கு என்ற சூரிய வாசலில் பனி மூட்டம். முதலில் எதுவும் தெரியவில்லை, அப்புறம் துண்டு துண்டாக மாச்சு பிச்சு தெரிந்தது. எல்லோரும் கோயில்களைப் பார்க்க ஓடினார்கள். நாங்கள் தண்ணீரைப் பார்த்தோம். 16 நீர்த்துறைகள், முதலாவது இன்காவின் மாளிகையை ஒட்டி. சுத்தமான தண்ணீர் முதலில் அரசனுக்கு. சுவர்களின் அடியில் வடிகால் துளைகள், நூற்றுக்கும் மேல். இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை. படிவயலில் மேலே நல்ல மண், கீழே மணலும் சரளையும், அடியில் பெருங்கல். பெய்கிற மழை நின்றால் மலையே சரிந்திருக்கும். மொத்தக் கட்டுமானத்தில் பாதிக்கு மேல் மண்ணுக்கடியில் இருக்கிறது என்பது கென்னத் ரைட் என்ற பொறியாளரின் கணக்கு. 1994-இலிருந்து அவர் இதை அளந்தவர், அத்தான் நோட்டில் பாதி அவர் எண்கள்தான்.

1911 ஜூலையில் அமெரிக்க ஆய்வாளர் பிங்காம் இங்கே வந்தபோது விவசாயக் குடும்பங்கள் இந்தப் படிவயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள், அவர்கள் வீட்டுச் சிறுவன்தான் அவருக்கு வழி காட்டினான். தொலைந்த நகரம் என்று எழுதுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதை விதைத்துக்கொண்டிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். காவலர் மேலே போங்கள், நிற்காதீர்கள் என்று விசில் அடிக்கும் வரை.

ஜூன் 13, அகுவாஸ் கலியென்தெஸ் (மாச்சு பிச்சு அடிவாரம்)

இருமல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தம்பி கூஸ்கோவுக்குத் திரும்பிவிட்டார்.

மாச்சு பிச்சுவின் நடுவில் ஒரு பெரிய வடிகால் பள்ளம் இறங்குகிறதல்லவா, படிவயலுக்கும் வீடுகளுக்கும் இடையில். அது கீழே எங்கே போய் முடிகிறது என்று நேற்று பார்க்கவில்லையாம். மறுபடி போக வேண்டும் என்கிறாள். நேரில் கொடுக்கும் டிக்கெட்டுக்கு இப்போதே வரிசை தெருமுனை தாண்டி நிற்கிறது. நான் போய் நின்றுகொள்கிறேன், அவள் மதியத்துக்கு மேல் வந்து மாற்றிவிடுவாள்.